எம்ஜிபி ரோட்ஸ்டர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் கட்டிய எம்ஜிபி ரோட்ஸ்டர், வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாட்டத் தோதான திறந்த கார். உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1988 முதல் முழு பாடியையே 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதனால்தான் ஒரு தொல்லையும் உண்டு: கோளாறு வந்ததும் எதையாவது வாங்கி மாட்டிப் பார்க்கத் தோன்றும்.

பிரித்து மாட்டிய வண்டியில் கோளாறு வந்தால், கடைசியாகக் கை வைத்த இடத்தையே முதலில் பாருங்கள். புது பெயிண்ட் எர்த்தைத் தடுக்கும், புது டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் கரண்டைக் கசியவிடும், புது பீடிங் (கதவோர ரப்பர்) கதவைத் தள்ளும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத சோதனை முதலிலும் எஞ்சினை இறக்கும் வேலை கடைசியிலும் வருகின்றன. அளவுகள் பிரிட்டிஷ் சந்தைக்கு வந்த இரட்டை எஸ்.யு. (தயாரிப்பாளர் பெயர்) கார்புரேட்டர் வண்டிகளுக்கானவை.

தேவையான சாமான்: மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், டைமிங் லைட், துணி சுற்றிய காந்தம், நாலு ஜாக்கி ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். 1967 கடைசியில் மார்க் 2 (இரண்டாம் பதிப்பு) வரும் வரை இந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். பின்னால் பலர் மாற்றியிருப்பார்கள். எனவே வருஷத்தை நம்பாமல், பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மீட்டரை வையுங்கள்.

செல்ஃப் எடுக்கவில்லை, "டக்" என்று ஒரு சத்தம் மட்டும்

*ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் லைட் மங்குகிறது.* பேட்டரி அல்லது கனெக்ஷன். 1974 வரையிலான வண்டிகளில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஒயரை யாரும் பார்ப்பதில்லை. பாதி நேரம் கோளாறு அதன் முனையில்தான். ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளங்கள். 6.3 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மொத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரி போய்விட்டது.

*பேட்டரி சரி, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது.* மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், எஞ்சின் அல்லது கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை ஒன்றுதான் அதற்கு எர்த். பெயிண்ட் அடித்த பாடியில் அந்தப் பட்டையை அப்படியே முடுக்கியிருப்பார்கள். போல்ட்டைக் கழற்றி, பட்டை உட்காரும் வட்டத்தை மட்டும் வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, முடுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் செல்ஃபின் கரண்ட் முழுதும் சோக் கேபிள் வழியாகப் பாடிக்குப் போகும். டேஷ்போர்டில் சோக் பிடி சுட்டாலோ, கேபிள் உறை புகைந்தாலோ காரணம் இதுதான். கேபிளை மாற்றிப் பயனில்லை.

*எர்த்தும் சரி.* சோலினாய்டின் பெரிய முனை இரண்டுக்கும் நடுவே, செல்ஃப் அடிக்கும்போது அளங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 12 வோல்ட் நின்றால் சோலினாய்டு போச்சு. பூஜ்யம் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கார்பன் பிரஷ் மாற்றுவதோடு முடியலாம்.

நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் காது. சாவியை இக்னிஷனில் வைத்ததும் பின்னாலிருந்து எஸ்.யு. பம்பின் "டிக்டிக்டிக்" கேட்க வேண்டும். சில நொடிகளில் அது மெதுவாகி நின்றுவிட வேண்டும்.

*சத்தமே இல்லை.* பம்ப் வலது பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளே பாயிண்ட் கரிந்திருக்கிறது. வீட்டுக்கு ஓட்டி வரலாம், ஆனால் மறுநாள் அது மறுபடி நிற்கும். தட்டியும் ஓடாவிட்டால் பம்புக்கு 12 வோல்ட் வருகிறதா, பம்பின் எர்த் ஒயர் பெயிண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

*நிற்காமல் அடிக்கிறது.* டேங்க் காலி, அல்லது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டர் நீடில் வால்வு அடைக்காமல் பெட்ரோல் வழிகிறது. பெட்ரோல் வாடை வந்தால் உடனே இக்னிஷனை அணையுங்கள். கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது.

*சரியாக அடித்து நிற்கிறது, ஆனாலும் பெட்ரோல் குறைவோ என்று சந்தேகம்.* கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி ஒரு ஜாடியில் விட்டுப் பாருங்கள். 30 நொடியில் அரை லிட்டருக்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் ஃபில்டர், பிறகு டேங்கின் உள்துரு, அதற்கப்புறம்தான் பம்ப். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10% வரை இருக்கிறது. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி உள்ளுக்குள் உரியும், வெளியே வெடிக்கும். ஆர்9 தரம் என்று அச்சடித்த குழாயைத் தவிர வேறெதையும் மாட்ட வேண்டாம்.

*பெட்ரோல் வருகிறது.* இனி கரண்ட். பிளக் ஒயரைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வையுங்கள். கெட்டியான நீலப்பொறி வேண்டும். பொறி இல்லை என்றால் வரிசையாக:

- பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ. ஃபீலர் கேஜில் எண்ணெய் இருந்தால் அதுவே பாயிண்ட்டில் ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட்டு அளங்கள்.
- பாயிண்ட் முனையில் ஸ்பிரிங், காயில் ஒயர், கண்டென்சர் ஒயர் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், நடு போல்ட்டைத் தொடக் கூடாது. ஃபைபர் வாஷர் இடம் மாறினால் வண்டி சாகும். புதிதாகப் பாயிண்ட் போட்ட அன்றே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இங்கேதான் பாருங்கள்.
- டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் சின்ன ஒயர். வேக்குவம் தட்டு ஆடும்போதெல்லாம் அது மடங்கி நிமிரும். உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல நீண்டால் போச்சு.
- ரோட்டர். காயிலின் நடு ஒயரை ரோட்டரின் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே பிடித்துச் செல்ஃப் அடியுங்கள். பொறி ரோட்டருக்குத் தாவினால், அது ரோட்டரைத் துளைத்து தண்டுக்கு இறங்குகிறது. நடுவே ரிவெட் அடித்த மலிவு ரோட்டர்களில் இது சகஜம். ரிவெட் இல்லாததை வாங்குங்கள்.
- கண்டென்சர். பாயிண்ட்டில் வெள்ளைப் பொறி பெரிதாக அடித்தால் மாற்றுங்கள். கழற்றியது ஓரளவு வேலை செய்தால் எறியாதீர்கள். புதிதாக வருபவை அதைவிட மோசமாக இருப்பதுண்டு.
- காயில். பழைய வண்டிகளில் பிரைமரி சுமார் 3 ஓம். பேலஸ்ட் ஒயர் (காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஒயர்) உள்ள பிந்தைய வண்டிகளில் சுமார் 1.5 ஓம். 1.5 ஓம் காயிலைப் பேலஸ்ட் இல்லாத வண்டியில் போட்டால் பாயிண்ட் கரியும், காயில் கொதிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வெடிக்காமல் கார்புரேட்டர் வழியாகத் துப்பினால் பிளக் ஒயர் வரிசை மாறியிருக்கிறது. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசை.

ஐடிலிங் நிற்கவில்லை, மிஸ் அடிக்கிறது, பிக்கப் இல்லை

கார்புரேட்டர் கோளாறு என்று வருபவற்றில் பெரும்பாலானவை இக்னிஷன் கோளாறு. ஆகவே ஸ்க்ரூவைத் திருப்பும் முன் இந்த வரிசையில் போங்கள்: கம்ப்ரஷன், டேப்பெட், பாயிண்ட், டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர்.

கம்ப்ரஷன் நாலிலும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட். இதற்குமேல் ட்யூனிங் செய்து பயனில்லை, எஞ்சின் ரீபோர் கடைக்குத்தான் போக வேண்டும்.

டேப்பெட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த நிலையில் 0.38 மி.மீ. ஒன்பதுக் கணக்கு போதும்: 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 7 திறந்தால் 2, இப்படியே கூட்டுத்தொகை 9.

இப்போது எஸ்.யு. கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகிக் கழற்றி, டாம்பரில் (பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் பாகம்) 20 கிரேடு எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். டாம்பரை மறுபடி இறக்கும்போது, மூடியின் மறை பிடிக்கச் சற்று முன்பே எண்ணெயின் தடை விரலுக்குத் தெரிய வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் மூச்சு முட்டும். பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். "டக்" என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். சிக்கினால் கழற்றித் துணியால் துடையுங்கள், எமரி பேப்பர் கூடாது. இரண்டு கார்புரேட்டரின் பிஸ்டனையும் மூடியையும் மாற்றிப் போடாதீர்கள். அவை ஜோடி ஜோடியாகப் பொருந்தியவை.

கார்புரேட்டரின் அடியில் உள்ள ஜெட் நட்டை மேலேற்றி, ஜெட்டை (பெட்ரோல் வரும் குழாய்) உள்ளே பிஸ்டன் உட்காரும் மேட்டோடு சமமாக்கி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று (12 முகம்) கீழிறக்கினால் ஓடத் தொடங்கும் நிலை கிடைக்கும். எஞ்சின் சூடானபின், கார்புரேட்டரில் பிஸ்டனைத் தூக்குவதற்கென்றே உள்ள ஊசியால் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள்:

- வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். நட்டை ஒரு முகம் மேலே.
- உடனே வேகம் விழுந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு முகம் கீழே.
- ஒரு நொடி ஏறிப் பழைய வேகத்துக்கே வந்தால் சரி.

எவ்வளவு சரிசெய்தாலும் ஐடிலிங் அலைந்தால் த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் காற்று அங்கே நுழைகிறது. புஷ் போடுவது லேத் வேலை, கார்புரேட்டர் நிபுணரிடம் அனுப்புங்கள்.

கொதிக்கிறது

டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் உறையை அளங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு 85 முதல் 95 வரை இயல்பு. மீட்டர் மட்டும் ஏறினால் மீட்டரைக் கவனியுங்கள்.

*நின்றால் மட்டும் ஏறுகிறது.* ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் பின்தகட்டில் தூசி, மூடியின் ரப்பர்.

*வேகமாக ஓட்டினால் ஏறுகிறது.* டைமிங் பின்தங்கியிருக்கிறதா, கலவை மெலிந்திருக்கிறதா பாருங்கள். பிறகு ரேடியேட்டரில் கை வைத்து, குளிர்ந்த திட்டுகள் தெரிகிறதா என்று தடவுங்கள். அங்கே அடைப்பு. பல வருஷம் நின்ற வண்டியில் பிளாக்கின் பின்கோடியில் துரு மண் படிந்திருக்கும். பிளாக்கின் வடிகால் டேப்பைக் கழற்றியும் தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள்.

*தண்ணீர் குறைகிறது, வெளியே சொட்டு இல்லை.* ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்தபோது திறந்து ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். புது கேஸ்கெட் மட்டும் மாட்டி முடுக்காமல், ஹெட்டை எஞ்சினியரிங் கடையில் மட்டமும் விரிசலும் பார்க்கக் கொடுங்கள். திருப்பி மாட்டும்போது 61 முதல் 68 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையில்.

கியர் விழும்போது கரகரக்கிறது

கிளட்ச் தட்டைக் குறை சொல்லும் முன், ஒருவரை மிதிக்கச் சொல்லி ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பியைப் பாருங்கள். சுமார் 12 மி.மீ. நகர வேண்டும். குறைந்தால் ஏர் எடுங்கள். அப்போதும் குறைந்தால் பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் பின்னைக் கழற்றிப் பாருங்கள். பின் பாதி தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். சில்லறைக் காசுச் சாமான், ஆனால் பாதி நகர்வைத் தின்றுவிடும். நகர்வு முழுதாக இருந்தும் கரகரத்தால் கிளட்ச்சை மாற்ற எஞ்சினையே தூக்க வேண்டும். ரிலீஸ் பேரிங் கார்பன் வளையம் என்பதால், சிக்னலில் பெடல்மேல் கால் வைத்தே நிற்பவர்களுக்கு இந்தச் செலவு சீக்கிரம் வரும்.

பிரேக்: பெடல் ஆழம் போகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, விடாமல் பிடிக்கிறது

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பெடல் ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் மேலே வந்தால் பின் டிரம் அட்ஜஸ்ட் தளர்ந்திருக்கிறது. பின்தகட்டில் உள்ள சதுரத் தலையைச் சக்கரம் பிடிக்கும்வரை முடுக்கி, சுழலும்வரை தளர்த்துங்கள். அதன்பிறகும் பஞ்சுபோல இருந்தால் ஏர். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள், டாட் 4 பிரேக் ஆயில் மட்டும். மிதித்துப் பிடித்தால் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவில்லாதபட்சத்தில் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. அந்த வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம். முந்தைய வண்டிகளில் பிரேக் ஒரே சர்க்யூட்.

முன்சக்கரம் பிடித்துக்கொண்டால், அதன் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறவுங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விட்டால், ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழி வால்வாகிவிட்டது. விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. பிரேக்கில் முன் அனுபவம் இல்லாதவர்கள் இங்கேயே நின்று, மாட்டியதை இன்னொருவர் பார்த்துச் சொன்னபின் ஓட்டுங்கள். நாற்பது வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குப் பிரிட்டனில் எம்.ஓ.டி. (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. ஆனாலும் விரும்பிச் சோதனைக்குக் கொண்டுபோகலாம், கொண்டுபோங்கள்.

ஃபியூஸ் போகவில்லை, ஒயர் கருகுகிறது

லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று இருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். கடையில் தொடர் அளவு 35 என்று வாங்கிப் போட்டால் ஃபியூஸுக்கு முன் ஒயர் உருகும்.

மழைக்குப்பின் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர்

எல்லாரும் ஹூட்டைத்தான் (மடக்கும் துணிக் கூரை) சந்தேகப்படுவார்கள். முதலில் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுக் கிரில்லைப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ள பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கியர்பாக்ஸ் சுரங்கத்துக்குள் இறங்குகிறது. இலை அடைத்தால் பெட்டி நிரம்பி, ஹீட்டர் வழியாக உள்ளே வழியும். அடுத்து கதவின் அடி ஓட்டைகள். பெயிண்டர் மூடியிருப்பார், ஆணியால் குத்தித் திறவுங்கள். பிறகுதான் கண்ணாடிச் சட்டத்தின் அடி ரப்பர், கடைசியில் ஹூட். ஹோஸால் பீய்ச்சும்போது கீழிருந்து மேலே போங்கள். மேலே ஆரம்பித்தால் எது கசிகிறது என்று தெரியாது.

கதவு சரியாக மூடவில்லை, இடைவெளி கோணுகிறது

எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, ரோட்ஸ்டருக்கு இரும்புக் கூரையும் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில், அதன் நடுத்தகடு, தரை, கோட்டைமதில்போல வளைத்த அடித்தகடு ஆகியவை சேர்ந்த பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு.

*கதவை மூட அறைய வேண்டியிருக்கிறது, இடைவெளி ஒழுங்காக இருக்கிறது.* புது பீடிங். தடிப்பாக வருகிறது. கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள். எளிதாக மூடினால் மெல்லிய பீடிங் தேடுங்கள், பூட்டுக் கொக்கியை நகர்த்த வேண்டாம்.

*கதவைத் திறந்து நுனியைத் தூக்கினால் ஆடுகிறது.* கீல். புதிய பின் போடலாம். கீலுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகள்) எந்த இடத்தில் எத்தனை என்று எழுதிவைத்துக் கழற்றுங்கள்.

*கீல் இறுக்கம், ஆனாலும் மேல்பக்கம் நெருங்கிக் கீழ்ப்பக்கம் விரிகிறது.* வண்டி நடுவில் தொய்ந்து, இரண்டு தூண்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. உறுதிசெய்ய, சமதளத்தில் நாலு சக்கரத்தில் நிற்கும்போது மேல், கீழ் இடைவெளிகளை அளந்து, பிறகு சில்லின் ஜாக்கி இடத்தில் தூக்கி மறுபடி அளங்கள். மாற்றம் 2 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, தூக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தாலோ சில் செத்துவிட்டது. துணி சுற்றிய காந்தத்தைச் சில் முழுக்க இழுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. கார்ப்பெட்டைத் தூக்கி உள்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். துருப்பிடித்த சில்லின்மேல் புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டு வைத்த வண்டிகள் ஏராளம். வெளியே பளபளக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

சில் மாற்றும்போது கெடுவதற்கு ஒரே காரணம், தாங்கல் வைக்காமல் வெட்டுவது. முறை இது:

1. எஞ்சின் உள்ளேயே இருக்கட்டும், அல்லது இறக்கிய பிறகு வண்டி சஸ்பென்ஷன் புள்ளிகளில் நிற்கட்டும். நடுவில் ஜாக்கி கூடாது.
2. கதவு இடைவெளி சரியாக வரும்வரை வண்டியை அடியிலிருந்து மெல்ல நிமிர்த்தி, முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே இரும்புக் குழாயைப் போல்ட் போட்டோ வெல்டு வைத்தோ மாட்டுங்கள். கோணியிருக்கும்போதே தாங்கல் வைத்தால் கோணலையே நிரந்தரமாக்குகிறீர்கள்.
3. ஒரு பக்கம் முழுதும் முடித்தபின் மறுபக்கம்.
4. சில் ஃபெண்டர்களுக்குப் பின்னாலும் ஓடுகிறது. முன் ஃபெண்டரைக் கழற்றி, பின் ஃபெண்டரின் கீழ்முனையை வெட்டினால்தான் முழு நீளமும் தெரியும். தெரியும் பகுதியை மட்டும் மாற்றினால் இரண்டு முனையும் மறுபடி துருவேறும்.
5. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு ஒவ்வொன்றையும் பொட்டுவெல்டு மட்டும் வைத்து, கதவை மாட்டி மூடிப் பாருங்கள். சுற்றிலும் 4 மி.மீ. சீராக வந்த பிறகு முழு வெல்டு, அதுவும் இடம் மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும்.
6. வெளித்தகட்டை மூடும் முன் உள்ளே வெல்டு வைக்கத் தோதான ஜிங்க் பிரைமர், எல்லாம் முடிந்ததும் மெழுகு.

பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பேட்டரி, ஆல்டர்நேட்டர் ஒயர் நாலும் கழன்றிருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மிக் வெல்டிங்கில் 1 மி.மீ. தகட்டை ஓட்டை போடாமல் ஒட்டத் தெரியாவிட்டால் இது முதல் பாடமாக வேண்டாம். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்திலோ, முன்தூணின் அடியிலோ துரு ஏறியிருந்தால் வெல்டிங் தெரிந்தவர்களும் பாடி அளவெடுக்கும் ஜிக் உள்ள கடைக்கே வண்டியைக் கொண்டுபோகட்டும். சில், தரை, தூண் மூன்றும் இரண்டு பக்கமும் போயிருந்தால், கடைக்காரரின் மணிக்கணக்குக் கூலியைப் புது ஹெரிடேஜ் பாடியின் விலையோடு வைத்துப் பாருங்கள். எப்படிச் செய்தாலும், ஜாக்கியில் ஏற்றி இறக்கியும் கதவு அதேபோல மூடும்வரை பெயிண்டருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.